சனிக்கிழமை ஒத்திகையும் உங்கள் தங்கையும்

கர்த்தருக்குள் அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும், இன்றைய தேதி வரை இந்தச் சபையின் போதகனுமாகிய நான் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருக்கவும், உங்கள் முழங்கால் வலி குறையவும் தினமும் ஜெபிக்கிறோம். முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து வாய்க்குள்ளேயே படியுங்கள். அக்கா காதில் விழுந்தால் அன்றைக்கே அது உங்கள் தங்கை காதுக்கு வந்துவிடும். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் பேசினாலும் எல்லா அறைக்கும் கேட்கிறது. என் கஷ்டமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முன்பிருந்த வீட்டில் பின்பக்கம் நீளமாக ஒரு நடை இருந்தது, உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் அதில் மேலும் கீழும் நடந்துகொண்டு மறுநாள் பிரசங்கத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். கேட்கக் காக்கைகள் மட்டும் இருந்தன. அவை எதையும் மனதில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இங்கே ஆலயத்துக்குப் பின்னாலுள்ள மாடியில் வீடு. படிக்கும் அறை என்று காட்டிய அறையில் சபையின் உடைந்த நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. ஆகவே ஒத்திகை சமையலறைக்கு வந்தது. நான் மேஜையருகே நின்று கையை வீசிப் பேசுவேன், உங்கள் தங்கை உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை குறுக்கே பேச மாட்டாள். ஆஹா, எப்பேர்ப்பட்ட ரசிகை என்று நான் பூரித்துப் போயிருந்தேன். அவள் ரசிக்கவில்லை மச்சான். வேலைக்கு உத்தரவு வாங்கிக்கொண்டிருந்தாள்.

முதல் அடி அங்கியில் விழுந்தது. இரண்டு உடுப்பு உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த வாரப் பொருள். சனிக்கிழமை உருக்கமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் அலமாரியைத் திறந்தால் என் இரண்டு வெள்ளை அங்கிகளில் நல்லதைக் காணோம். நெஞ்சில் மை கொட்டிய பழசு மட்டும் தொங்குகிறது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சபை நடத்துகிறாரே ஓர் இளம் பாஸ்டர், அவருக்கு அங்கியே இல்லையாம். விடிவதற்குள் இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். நான் மைக் கறையோடு மேடை ஏறி, இரண்டு உடுப்பு உள்ளவன் என்று ஆரம்பித்தேன். பாடகர் குழுவில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கறையை நான் வேண்டுமென்றே போட்டுக்கொண்டு வந்ததாக நினைத்து வாசலில் நின்று கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். போகட்டும். அந்த அங்கி டிப்போ பாஸ்டருக்கு என்னைவிட எடுப்பாக இருக்கிறது என்றும் சிலர் சொன்னார்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை.

அடுத்தது, விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் உட்கார வேண்டும் என்ற பிரசங்கம். அந்த வாரம் ஒரு கல்யாணம். உங்கள் தங்கை என்னையும் மகளையும் நேரே கொண்டுபோய், கை கழுவும் இடத்துக்கும் சமையல் கூடத்துக்கும் நடுவில், கால் ஆடுகிற மேஜையில் உட்கார வைத்தாள். மேடையில் ஆசீர்வாத ஜெபத்துக்கு என்னைத் தேடுகிறார்கள். நான் எச்சில் தட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறேன். பாஸ்டர் கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார் என்று பேச்சாகி, மாப்பிள்ளையின் அப்பா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் வரிசையாக வந்து மன்னிப்புக் கேட்டார்கள். எதற்கு என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் சொல்லத் தைரியமில்லை.

இதற்கு மேல் தாங்காது என்று, யாரும் எதுவும் செய்ய முடியாத ஒரு பகுதியைத் தேடிப் பிடித்தேன். வெறும் வம்ச வரலாறு. இன்னார் இன்னாரைப் பெற்றார், அவர் இன்னொருவரைப் பெற்றார், அவ்வளவுதான். இதில் எதைக் கொடுப்பாள், எங்கே உட்காருவாள், பார்த்துவிடலாம் என்றிருந்தேன். அந்தப் பட்டியலில் ஊர் ஒதுக்கி வைத்த பெண்கள் சிலரும் இருக்கிறார்கள் என்று ஒத்திகையில் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தேன். எதிர் வீட்டில், புருஷனை விட்டு வந்தவள் என்பதால் யாரும் முகம் கொடுத்துப் பேசாத ஒரு பெண் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கை அவள் கையைப் பிடித்து அழைத்துவந்து முன் வரிசையில் உட்கார வைத்தாள். அது காலங்காலமாகக் கடிகாரக்காரர் உட்காரும் இடம்.

கடிகாரக்காரரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனியில் கணக்குத் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டியில் மூத்தவர், மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில். பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். அதனால் அந்தப் பெயர். அன்று அவர் தூணுக்குப் பின்னால் உட்கார வேண்டியதாயிற்று. மறுநாளே கமிட்டிக்கு ஒரு மனு கொடுத்தார், என்னை வேறு சபைக்கு மாற்ற வேண்டும் என்று. காரணம் ஒரே வரி: ‘பிரசங்கத்தில் சொல்லும் எதையும் இந்தப் பாஸ்டர் செய்து நான் பார்த்ததில்லை.’ வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடி அதை மேலிடத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறது. மகளுக்கு இது பள்ளிக் கடைசி வருடம். நடுவில் பெட்டி கட்டினால் அவள் படிப்பு என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கும் ரோஷம் இருக்கிறதே. போன வாரம், சத்துருவை நேசிக்க வேண்டும் என்ற பொருளை எடுத்தேன். நேசிப்பதற்கல்ல, இன்னார்தான் சத்துரு என்று சபைக்கே புரிகிற மாதிரி, முன் வரிசையைப் பார்த்து நாலு வார்த்தை விடுவதற்கு. சனிக்கிழமை சமையலறையில் நான் போட்ட போட்டில் பாத்திரங்கள் அதிர்ந்தன. உங்கள் தங்கை கிழங்கை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. எங்கே என்று கேட்பதற்குள் படியிறங்கிவிட்டாள். திரும்பி வரும்போது டாக்ஸியில், பச்சைக் கண்மறைப்புப் போட்ட கடிகாரக்காரரைக் கைத்தாங்கலாக இறக்கினாள். முந்தின நாள்தான் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வேளாவேளைக்கு மருந்து ஊற்ற வீட்டில் ஆளில்லையாம்.

இப்போது என் சத்துரு என் வீட்டு முன்னறையில், என் சோபாவில் படுத்திருக்கிறார். சூப்பில் உப்பு குறைவு என்கிறார். சாப்பாட்டு ஜெபம் நீளமாகப் போனால் கடிகாரத்தைக் குலுக்குகிறார். கண் தெரியாவிட்டால் என்ன, காதுக்குக் கேட்கிறதே. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ரொட்டியும் முட்டையும் கொடுத்துவிட்டு, மேடையில் போய் அவரைத் தாக்க எனக்கு வாய் வரவில்லை. ஏதோ மென்று விழுங்கிவிட்டு இறங்கிவிட்டேன்.

அன்று மத்தியானம் உங்கள் தங்கையைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

“ஏன் இப்படிச் செய்யறே?”

“நீங்கதானே சொன்னீங்க.”

“அது சபைக்குச் சொன்னது.”

“நானும் சபையிலதானே இருக்கேன்.”

இதற்கு நான் படித்த இறையியல் கல்லூரியில் பதில் சொல்லித் தரவில்லை மச்சான். உள்ளதைச் சொல்கிறேன், அவளைப் பார்த்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. எதையும் பெரிதாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. அந்தக் கண் மருந்தை ஊற்றும்போது அவள் முகத்தில் இருக்கும் கவனத்தை நான் பிரசங்கம் எழுதும்போது வைத்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன். கடிகாரக்காரரின் மனுவில் இருக்கும் வரி என்னைக் குத்துவதற்குக் காரணமும் அதுதான். அது முழு உண்மை. நான் பிரசங்கத்தில் சொன்னதெல்லாம் இந்த வீட்டில் நடக்கிறது, நடத்துவது நானில்லை.

ஆனாலும் மனுஷனுக்குத் தாங்கும் சக்தி என்று ஒன்று உண்டு. ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் வலி அதிகம், நடமாட முடியவில்லை என்று சாக்குச் சொல்லி அவளை அங்கே வரவழைத்து ஒரு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளும் ஓய்ந்து உட்கார்ந்ததில்லை. நீங்கள் மூத்தவர், நீங்கள் சொன்னால் கேட்பாள். போகிற போக்கில், கணவன் ஒத்திகை பார்ப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பக்குவமாக இரண்டு புத்தி சொல்லுங்கள். அதற்குள் நான் இவரை அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கமிட்டியைச் சமாளித்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நம் எல்லாரையும் காத்து நடத்துகிறவர் உங்கள் முழங்காலையும் தொடுவாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு காரியம் நடந்துவிட்டது. எதை எழுதினாலும் சத்தமாகப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். நேற்று, உங்கள் தங்கை மொட்டை மாடியில் துணி காயப் போடுகிறாள் என்று நினைத்து, இதையும் சமையலறையில் நின்று முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். அவள் கதவுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இன்று காலை பையோடு நின்றாள். “அண்ணனுக்கு முழங்கால் வலியாமே” என்றாள். அடுப்பில் சூப் இருக்கிறது என்றாள். பஸ் ஏறிவிட்டாள். இந்தக் கடிதத்துக்கு முன்பே அங்கே வந்திருப்பாள்.

மகள் பள்ளிக்குப் போய்விட்டாள். மருந்து வேளை வந்தது. வீட்டில் நானும் கடிகாரக்காரரும் மட்டும். முதல் சொட்டு அவர் மீசையில் விழுந்தது. இரண்டாவது காதுக்குள் போனது. அவர் திட்டவில்லை. “கீழ் இமையை மெதுவா இழுங்க பாஸ்டர், பாஸ்டரம்மா அப்படித்தான் செய்வாங்க” என்றார். இழுத்தேன். அவர் சோபாவின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தக் கண்ணைத்தான் இத்தனை நாளும் மேடையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சொட்டு சரியாக விழுந்தது.

மீசையைத் துடைத்துக்கொண்டு, “மனுவில ஒரு வரி இருக்கு, அதை இனிமே வச்சிருக்க முடியாது” என்றார். அந்த மனுவில் இருப்பதே ஒரு வரிதான். சாயங்காலம் மறுபடியும் ஊற்ற வேண்டும் என்று மட்டும் ஞாபகப்படுத்தினார். அவர் இங்கேயே இருக்கட்டும், கண் ஆறுகிறவரை எங்கும் அனுப்பப்போவதில்லை.

ஆகையால் மச்சான், மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். அவளுக்குப் புத்தி ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் திரும்பி வரச் சொன்னதாகவும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் உட்காரக்கூட மாட்டாள், அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். நிஜமாகவே களைத்திருக்கிறாள். அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வரட்டும். நாளை சனிக்கிழமை, ஒத்திகை கேட்கக்கூட ஆளில்லை, வீடு வீடாகவே இல்லை. அதனால் ஒன்று செய்யுங்கள். இந்தக் கடிதத்தை வாய்க்குள் படிக்கச் சொன்னேனே, அது வேண்டாம். சத்தமாகப் படியுங்கள். அவள் சமையலறையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.