மூணு புருசன் டீச்சர்

ஒரே புருஷனோடு ஒன்றரை வருஷம் மட்டும் வாழ்ந்துவிட்டு ‘மூணு புருசன் டீச்சர்’ என்று பெயரெடுத்த பெண்மணி உலகத்திலேயே ஒருவர்தான். விருதுநகரில் எங்கள் பெண்கள் பள்ளியின் சரித்திர டீச்சர். ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே கணக்கு டீச்சர். இரண்டு வகுப்புக்கும் நடுவில் வெறும் மூங்கில் தட்டி.

அந்த மூன்று புருஷன்களும் அறுநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துச் சீமாட்டி ஒருத்தியுடையவர்கள். பாடப்புத்தகத்தில் அவள் இல்லை. ஆனால் எந்த ராஜாவை நடத்தினாலும் கடைசிப் பத்து நிமிஷம் சீமாட்டிக்குத்தான். என் பிள்ளைகள் முக்கோணத்தை விட்டுவிட்டு இரண்டாவது புருஷனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். மூன்றாமவனும் செத்த சேதி வீடு வரை போய், ஒரு மாணவியின் அம்மா டீச்சரிடம் துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டாள்.

ஒருநாள் மல்லாங்கிணற்றிலிருந்து டீச்சரின் மாமனார் வந்தார். செத்துப்போன மகனின் இருபது ஏக்கர் கரிசல், மருமகள் பெயருக்கு வந்திருந்தது. அது கைமாறாமலிருக்க, சிவகாசி அச்சாபீசில் இருந்த இளைய மகனுக்கு மருமகளையே கட்டிவைப்பதென்று ஊரில் முடிவாகிவிட்டது. கேட்காமல் விட்டது டீச்சரை மட்டும்தான்.

“வண்டி நிக்குது. கெளம்பு தாயி.”

“பாடம் முடியட்டும் மாமா. அங்கன உக்காருங்க.”

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் சீமாட்டியை எடுத்தார். முதல் புருஷன் இளவயதிலேயே இறந்தான். கூடப்பிறந்த அண்ணனும் போரில் சாக, நிலத்தில் பெரிய பங்கு இவளுக்கு வந்தது. அதற்காகவே ஒருத்தன் தூக்கிக்கொண்டு போய்த் தாலி கட்டினான். (டீச்சரின் இங்கிலாந்தில் தாலிதான்.) ஆறு மாதத்தில் அவனும் போனான். ராஜா தனக்கு வேண்டிய ஒருவனைக் கட்டிவைத்தார். அவன் ராஜாவையே எதிர்த்துச் செத்தான்.

“ஏத்தா, அப்ப நாலாவது ஆளு வந்திருப்பானே?” என்றார் மாமனார்.

“வரத்தான் பாத்தாக. அதுக்குள்ள அந்தம்மா, இனி கல்யாணமே வேண்டாம்னு சாமி முன்னால சத்தியம் பண்ணிட்டாக.”

“வெள்ளாமைய யாரு பாத்தா?”

“அவுகளேதான். முப்பது வருசத்துக்கு மேல. காலேஜுக்கும் குடுத்தாக.”

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். கையில் ஒட்டிய தூளை முந்தானையில் துடைத்துக்கொண்டது எனக்குத் தட்டி இடுக்கில் தெரிந்தது.

“நானும் அப்படித்தான் மாமா. நெலத்த விக்க மாட்டேன், நானே பாக்கேன். கொழுந்தனுக்கு வேற பொண்ணு பாருங்க.”

 கிழவர், “அந்தம்மாவுக்கு மாமனாரு இல்லையோ?” என்றார்.

“தெரியல மாமா.”

“இருந்திருந்தா, வெதைக்கும்போது கூட நின்னுருப்பான்.” துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

சனிக்கிழமைதோறும் வண்டி வந்தது. அவரே ஓட்டிவந்து மருமகளைக் கரிசல் காட்டுக்கு அழைத்துப்போனார்.

அங்கே முதல் வருஷம் விளைந்த பஞ்சில் டீச்சர் எனக்கு ஒரு தலையணை தைத்துக் கொடுத்தார். இப்போது அது கட்டிகட்டியாகிவிட்டது. புதுசு வாங்கித் தருகிறேன் என்று மகள் நச்சரிக்கிறாள். எனக்கு வேறெதிலும் தூக்கம் வருவதில்லை.