பொடியாரின் செல் ஓடுகிறது

"அண்ணா, அவர் செல் ஓடுதா?"

ஓடுதும்மா, ஜம்முன்னு ஓடுது என்று சொல்லிவிட்டு சோப்புக்காரர் தொலைபேசியை வைத்தார். வைத்த கையாலேயே தன் தலையில் ஒரு குட்டும் வைத்துக்கொண்டார். செல் ஓடவில்லை, நொண்டிக்கொண்டிருந்தது. கணினித் திரையில் அதன் கோடு நேற்றைவிட இன்று இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

கேட்டவர் பொடியாரின் மனைவி. பொடியார் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த அம்மாள் தினமும் காலையில் கூப்பிடுவார். இந்த ஒரு கேள்விதான். பதில் கிடைத்ததும், சரிண்ணா, உடம்பைப் பார்த்துக்கோங்க என்று வைத்துவிடுவார்.

செல் என்றால் கைபேசி இல்லை. சோப்புக்காரரின் மனைவியே முதலில் அப்படித்தான் நினைத்து, செத்தவர் போனுக்கு நீங்கள் எதற்கு சார்ஜ் போடுகிறீர்கள் என்று கேட்டார். இது ஹைட்ரஜனைக் கொடுத்தால் மின்சாரம் தரும் எரிபொருள் செல். கைக்கு அடக்கமான பெட்டி. உள்ளே மெல்லிய தாள், தாளின்மேல் கறுப்பாக ஒரு பொடி. அந்தப் பொடிதான் வினையூக்கி, வேலையெல்லாம் அதுதான் பார்க்கிறது. சுத்தமான ஹைட்ரஜன் கொடுத்தால் சமர்த்தாக ஓடும். ஆனால் சுத்தமான ஹைட்ரஜன் யானை விலை. மலிவானதிலோ கார்பன் மோனாக்சைடு துளியூண்டு கலந்திருக்கும். பேருந்தில் இடம் பிடித்தவர் இறங்கும் இடம் வந்தும் எழுந்திருக்காத மாதிரி அது பொடியின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஹைட்ரஜனுக்கு நிற்கவும் இடமிருக்காது. செல் மூச்சுத் திணறிச் சாகும்.

அழுக்கு வாயுவைத் தாங்குகிற பொடி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று நண்பர்கள் இருவரும் அந்த ஆய்வுக்கூடத்தில் தலைமுடி கொட்டும்வரை உழைத்தார்கள். பொடியார் பிளாட்டினத்தோடு ஓர் உலோகத்தைக் கலந்தார், சோப்புக்காரர் வேறொன்றைக் கலந்தார். பொடி அரைப்பதில் மன்னன் என்பதால் அவர் பொடியார். குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி வருகிறதா என்று கசிவு பார்ப்பதே பிழைப்பாகிவிட்டதால் இவர் சோப்புக்காரர். மேலே இருப்பவர்களுக்கு சோப்புப் போட மட்டும் இவருக்குத் தெரியாது. அதனால்தான் இந்த வயதிலும் ஒப்பந்த வேலை, பொடி தோற்றால் அதுவும் இல்லை.

அவரவர் பொடி போட்ட இரண்டு செல்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. போல்ட் போட்டு இறுக்கி மூடிவிட்டால் பெற்றவனுக்கும் அடையாளம் தெரியாது. முன்னால் சொருகிய பெயர் அட்டைதான் கதி. அழுக்கு வாயுவைத் திறந்துவிட்ட வாரம் பார்த்து சோப்புக்காரர் காய்ச்சலில் படுத்தார். திரும்பி வந்தபோது அவர் பெயர் போட்ட செல் அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. பொடியாருடையது இறங்கத் தொடங்கியிருந்தது.

பொடியார் அதற்குள் பாதி ஆளாகியிருந்தார். சட்டை, தோளில் நிற்காமல் தொங்கியது. "உன் சரக்குதான்யா சரக்கு. நான் அவுட்டு" என்று சிரித்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவே இல்லை.

ஜெயித்த சந்தோஷம் சோப்புக்காரரிடம் ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை. ஆயுசு முழுக்க ஒருத்தன் அரைத்த பொடி, அவன் பின்னாலேயே சாகிறது. அவன் பெண்டாட்டியோ ஓடுதா, ஓடுதா என்கிறாள். அவர் என்னதான் செய்வார்?

இந்த நேரத்தில் இயக்குநர் ஒரு நாள் குறித்தார். அன்று இரண்டில் ஒரு பொடி தேர்வாகும், செய்தவர் பெயரே அதற்கு வைக்கப்படும், மற்றதன் பிரிவு மூடப்படும். பொடியாரின் மனைவியையும் அவர் அழைத்துவிட்டார். மரியாதைக்காம். அந்த அம்மாள் வந்து, செத்துக்கிடக்கும் செல்லைப் பார்க்கக் கூடாது என்று சோப்புக்காரர் வைத்தியத்தில் இறங்கினார்.

முதலில் சூட்டை ஏற்றிப் பார்த்தார். சூடு ஏறினால் உட்கார்ந்திருக்கும் மோனாக்சைடு கொஞ்சம் இடம் கொடுக்கும். கொடுத்தது. ஆனால் உள்ளே இருந்த தாள் காய்ந்து, கோடு சரசரவென்று இறங்கியது. அடடா என்று ஈரத்தைக் கூட்டினார். கூட்டியது கூடிப்போய், செல்லுக்குள் தண்ணீர் கட்டி, சளி பிடித்த குழந்தை மாதிரி களக் களக் என்றது.

அடுத்து, வாயுவோடு துளி காற்றைக் கலந்துவிட்டால் மோனாக்சைடு எரிந்து போகும் என்று பழைய வித்தை ஒன்று ஞாபகம் வந்தது. யாருக்கும் தெரியாமல் காற்றுக் குழாயை இணைத்தார். கோடு துள்ளிக்கொண்டு எழுந்தது. அதைப் பார்த்த ஆனந்தத்தில் இணைப்பை இறுக்க மறந்தார். ஊரார் கசிவையெல்லாம் பிடித்த மனிதர் கையாலேயே கசிவு. அபாய மணி அலற, கட்டடமே காலியாகி வெயிலில் போய் நின்றது. இயக்குநர் காலில் செருப்புகூட இல்லை.

வாலாட்டிய வேலைக்குச் சரியான வசவு கிடைக்கும் என்று சோப்புக்காரர் குனிந்து நின்றார். இயக்குநரோ திரையைப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக வந்தார். பொடியாரின் செல் தானாக எழுந்துவிட்டதாம். அங்கிருந்தே அந்த அம்மாளுக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டார்.

மறுநாள் காலை அந்த அம்மாள் குரலில் ஒரு குழப்பம் இருந்தது. "எழுந்திருச்சாமே அண்ணா? நல்லது. ரெண்டுமே ஓடட்டும்."

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, காற்றுக் குழாய் பிடுங்கப்பட்ட அந்தச் செல், கடைசியாக ஒருமுறை நடுங்கி, பூஜ்யத்தில் படுத்தது.

சோப்புக்காரர் அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்தார். மனைவி விடவில்லை. கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கினார். கடைசியில் சோப்புக்காரர், அட்டையை மாற்றிவிட்டால் அவன் பெயர் நிற்கும், என் வேலை போகும் என்று மெல்லிய குரலில் சொன்னார். வாழ்க்கையில் ஒரு எண்ணைக்கூடத் திருத்தி எழுதாத மனிதர் அவர்.

மனைவி அவர் தட்டை எடுத்து மூடி வைத்தார். பிறகு, "மாத்திட்டு வாங்க. சாப்பாட்டுக்கு ஏதாவது பண்ணிக்கலாம்" என்றார்.

மறுநாள் எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில், சோப்புக்காரர் இரண்டு அட்டைகளையும் உருவி இடம் மாற்றிச் சொருகினார். கணினியிலும் பெயர்களை மாற்றினார். தன் பிள்ளையைத் தானே தத்துக் கொடுத்ததுபோல் இருந்தது. பொடியாரின் நாற்காலியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து போய், இணைப்புகளுக்கு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்.

குறித்த நாளில் கூடம் நிறைய ஆட்கள். எந்தச் செல் யாருடையது என்பதெல்லாம் இயக்குநருக்கு எப்போதும் நினைவில் நிற்காது. மேலே நிற்கும் கோட்டையும் அட்டையையும் பார்த்தார், நான் அன்றைக்கே சொன்னேனே என்று மார்தட்டினார். அழுக்கு வாயுவைத் தாங்கிய பொடிக்குப் பொடியாரின் பெயர் என்று அறிவித்தார். கை தட்டினார்கள். சோப்புக்காரர்தான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார். தட்டி முடிக்கும் முன்பே இயக்குநர் அவரை ஓரங்கட்டி, மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது, மன்னிக்க வேண்டும் என்றார். பரவாயில்லை சார் என்று இவரே அவருக்கு ஆறுதல் சொன்னார்.

பொடியாரின் மனைவி மட்டும் கை தட்டவில்லை. ஓடுகிற செல்லின் முன் நின்று அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கையை நீட்டி, சூடாக இருந்த அந்தப் பெட்டியின்மேல் வைத்தார். எடுக்க மனமில்லாமல் வைத்தபடியே இருந்தார்.

சோப்புக்காரர் பக்கத்தில் போய் நின்றார். பார்த்தியாம்மா, உன் வீட்டுக்காரன் ஜெயிச்சுட்டான் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவரே இவர் பக்கம் திரும்பினார்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தப்போ, உங்க வேலை போயிடக் கூடாதுன்னு அவர் தன் செல்லுக்கு உங்க அட்டையை மாத்தி வச்சதை உங்களுக்கு யாருண்ணா சொன்னா? உயிரே போனாலும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுல்ல போனார்!"