மாப்பிள்ளை படத்துக்குக் கீழே ஒரு வரி

என்னைப் போல அரைகுறையாகக் கற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கற்றதை உடனே சொந்தக்காரர்கள் மேல் பிரயோகித்துவிடுவோம். நான் கைவைத்தது என் அக்காவின் நிச்சயதார்த்தத்தில்.

ஆண்டிமடத்தில் எங்கள் தெருவிலேயே கல்யாணத்துக்கு வெப்சைட் போட்ட முதல் வீடு எங்களுடையதுதான். ("அப்ப பத்திரிகை அடிக்க வேணாங்கிறியா புள்ள?" என்றார் அப்பா. "அதுவும் உண்டுப்பா" என்றதும்தான் அவருக்கு மூச்சு வந்தது.) நிறம், எழுத்து, பூவேலை எல்லாவற்றையும் ஒரு ஸ்டைல் ஃபைலில் எழுதினேன். பிரவுசருக்கு அது நேரடியாகப் புரியாது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால், ஒரு கருவி அதைப் பிரவுசருக்குப் புரியும் சிஎஸ்எஸ் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும். அதற்குப் பெயர் கம்பைல்.

மாப்பிள்ளை பெரம்பலூரில் கணக்கு வாத்தியார். அனுப்பிய போட்டோவில், ஆதார் அட்டைக்கு எடுத்ததுபோல முறைத்துக்கொண்டிருந்தார். எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்க்க, அந்த ஃபைலிலேயே படத்துக்கு அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "இவர் சிரித்ததாகத் தகவல் இல்லை. பல்லைப் பார்த்துப் பேசி முடிக்கவும்." கம்பைல் செய்தேன், தனியாகச் சிரித்தேன், பிறகு பொறுப்பாக அழித்து சேமித்தேன். மறுபடி கம்பைல் செய்ய மட்டும் மறந்துவிட்டேன்.

நிச்சயத்தன்று அரியலூர் மண்டபத்தில் லேப்டாப்பைப் பெரிய டிவியில் மாட்டினேன். இரண்டு வீட்டுச் சனமும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த வரியை நிறுத்தி நிறுத்திச் சத்தமாகப் படித்தார்.

"ஏங்க சம்பந்தி, நாம மாட்டுச் சந்தைக்கா வந்திருக்கோம்?"

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை அச்சில் ஏற்ற முடியாது.

"அழிச்சுட்டேன் மாமா! சத்தியமா அழிச்சுட்டேன்!"

"அப்பறம் எதும்மா அங்க நிக்கிது?"

"கம்பைல் பண்ண மறந்துட்டேன் மாமா."

கறுப்புத் திரையைத் திறந்தேன். ("பேங்கு கணக்குல பூந்துரப் போவுது இந்தப் பொண்ணு" என்று ஒரு அத்தை கைப்பையை இறுக்கிக்கொண்டார்.) ஃபைலை இன்னொரு முறை பார்க்கப் போனபோது, அவசரத்தில் விரல் பட்டு ஓர் அடைப்புக்குறி அழிந்துவிட்டது. அது தெரியாமல் சேமித்துவிட்டுக் கட்டளையைத் தட்டினேன். இந்தக் கருவி ரொம்ப யோக்கியம். தப்பு இருந்தால் அதைப் பக்கத்தின் உச்சியிலேயே எழுதிக் காட்டிவிடும். பூவேலை எல்லாம் உதிர்ந்து, டிவியில் ஆங்கிலத்தில் பிழைச் செய்தி.

"இப்ப இங்கிலீஷ்லயும் திட்டுதுங்க," என்றார் மாமா.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை தொடையில் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். மாமா மகனைப் பார்த்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"இவன் இப்புடிச் சிரிச்சு நானே பாத்ததில்லீங்க. தட்ட மாத்துங்க சம்பந்தி."

அக்கா என்னிடம் பேச நான்கு நாள் ஆனது. அத்தான் இன்றுவரை விடவில்லை. எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் ஒரு வேலையை முடித்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. போன வாரம்கூட அம்மா, "பாலை எறக்கி அடுப்ப அணைச்சுட்டேன்" என்று வந்து உட்கார்ந்தார்கள்.

"அணைச்சீங்க, சரி. கம்பைல் பண்ணுனீங்களா அத்தை?" என்றார் அத்தான்.

அம்மா முறைத்துக்கொண்டே எழுந்துபோய்ப் பார்த்தார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.