நீன்கே கோப்பில் இருக்கிறாள்

"இன்று மாலை ஐந்து மணிக்கு உங்கள் விண்ணப்பம் எங்கள் கோப்பிலிருந்து அழிக்கப்படும்" என்று மெயில் வந்தபோது, நீன்கே பேக்கரி வாசலில் ஆப்பிள் கேக் பெட்டியோடு நின்றிருந்தாள். அம்மாவுக்குப் பிறந்தநாள். மூன்று மணிக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

நீர்ப் பொறியியல் படித்து முடித்து ஒரு வருடம் ஆகிறது. பதினோரு கம்பெனிகள் 'இப்போதைக்கு இடமில்லை, கோப்பில் வைத்துக்கொள்கிறோம்' என்று எழுதியிருந்தன. பத்து எப்படிப் போனாலும் அவளுக்குக் கவலையில்லை. பதினோராவதுதான் கால்வாய் மதகுகள் வடிவமைக்கிற கம்பெனி; இந்த மெயில் அங்கிருந்துதான். அதற்காகத்தான் அவள் படித்ததே.

சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேல் விண்ணப்பத்தை வைத்திருக்கக் கூடாது. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இன்னொரு வருடம் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் மாமாவின் செவ்வந்திப் பண்ணையில் விடிகாலை ஐந்து மணிக்குப் பூ வெட்ட வேண்டும். அப்பா பேசி முடித்துவிட்டார்.

போன் செய்தாள். மெஷின்தான் பேசியது.

"நேர்லயே போயிட்டாப் போச்சு" என்று சைக்கிளைத் திருப்பினாள். தன்னம்பிக்கைக்கு அவளிடம் என்றைக்கும் பஞ்சமில்லை.

டேவென்டர் ஊரில் கேக் பெட்டியோடு வருகிறவரை எந்த ஆபீசிலும் யாரென்று கேட்பதில்லை. பிறந்தநாள்காரர்தான் கேக் வாங்கி வர வேண்டும். ஆகவே கேக்கோடு வருகிறவர் ஆபீஸ்காரர்தான். வரவேற்பு மேசை ட்ரூஸ் அம்மாள் அவளைப் பார்த்ததுமே எழுந்து கை கொடுத்தார்.

"வாழ்த்துக்கள் கண்ணு."

"எனக்கில்லங்க. எங்கம்மாவுக்கு."

"அப்ப உனக்கும் வாழ்த்துக்கள். அம்மா பொறந்தநாளுக்கே ஆபீசுக்குக் கேக்கா? நல்ல பொண்ணு. மூணாவது மாடி போ."

பணியாளர் பிரிவும் மூன்றாவது மாடியில்தான். நீன்கே லிஃப்டில் ஏறினாள். கதவு திறந்ததும் யாரோ பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். வாயைத் திறப்பதற்குள் கேக் பதினான்கு துண்டுகளாகிவிட்டது. பதினான்கு பேர் வரிசையாகக் கை கொடுத்து அவள் அம்மாவை வாழ்த்தினார்கள்.

"நான் பணியாளர் பிரிவுல ஒருத்தரப் பாக்கணும்" என்றாள்.

"கெர்பெனா? நாலரை வரைக்கும் கூட்டத்துல இருப்பாரு" என்றார் வாயோரத்துத் துகளைத் துடைத்தபடி ஒரு நெட்டை மனிதர். வடிவமைப்புப் பிரிவுத் தலைவர் வௌட்டர். "புதுசா வந்திருக்கியா? இங்க எனக்கு எவன் என்ன சொல்றான். நகராட்சி ஆளுங்க வந்திருக்காங்க, வா."

"இல்லங்க, நான் இங்க வேலை செய்யல..."

"இங்க யாருதான் செய்யறாங்க? வா."

உள்ளே சுவரில் ஒரு மதகின் வரைபடம். நீன்கே சும்மா உட்காரத்தான் நினைத்தாள். ஆனால் கண் முன்னால் ஒரு மதகு தப்பாகத் திறந்தால் அவளால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

"இந்தப் பக்கமாத் திறந்தா நாய்ப் பூங்கா முழுக்கத் தண்ணி நிக்கும்."

நகராட்சி அம்மாள் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். பிறகு வௌட்டரை உற்றுப் பார்த்தார்.

"ஒரு வருஷமா இந்தத் தப்பத்தான் தேடிட்டு இருந்தோம். இனிமே இந்தப் பொண்ணுகிட்டதான் பேசுவேன்."

"என்னால முடியாதுங்க" என்றாள் நீன்கே. "எனக்கு மேஜையே கிடையாது."

ஜன்னலோரம் மேஜை வந்தது.

"கம்ப்யூட்டரும் இல்ல."

அதுவும் வந்தது.

"அடையாள அட்டைகூட இல்லங்க" என்றாள், இதோடு விட்டுவிடுவார்கள் என்று நம்பி. ட்ரூஸ் அம்மாள் பத்தே நிமிடத்தில் போட்டோ எடுத்து, அட்டையை அவள் கழுத்திலேயே மாட்டிவிட்டுப் போனார்.

மூன்றேகாலுக்கு அம்மா போன் செய்தாள்.

"எங்கடி கேக்கு? எல்லாரும் வட்டமா உக்காந்து வெறுங்காப்பி குடிச்சிட்டு இருக்காங்க."

"சாப்டுட்டாங்கம்மா."

"யாரு?"

"ஆபீஸ்ல. மதகுக் கம்பெனி."

"அங்க நீ என்ன பண்ற?"

"மேஜையில உக்காந்திருக்கேன்."

அம்மா போனைப் பொத்தாமலே கத்தினாள். "ஏங்க, நீன்கேவுக்கு வேலை கிடைச்சிருச்சு. மதகுக் கம்பெனி." அந்தப் பக்கம் ஒரே கைதட்டல். மாமாவின் குரல்: "அப்ப அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுடறேன்."

"அம்மா, இரு" என்று சொல்வதற்குள் போன் கட்டாகிவிட்டது. இப்போது பூ வெட்டுகிற வேலையும் போய்விட்டது.

நாலே முக்காலுக்கு வௌட்டர் வந்து, நாளைக் காலை ஒன்பது மணிக்கு மதகைப் பார்க்கக் கிளம்பணும், ரப்பர் பூட்ஸ் கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், அவள் எழுந்துவிட்டாள். பொய்யாக ஒரு ராத்திரிகூட இந்த வேலையை வைத்திருக்க அவளுக்கு மனசில்லை. உண்மையாக வேண்டும், அல்லது வேண்டவே வேண்டாம்.

கெர்பென் தன் அறையில் தனியாக இருந்தார். ஐம்பது வயது, தங்கமான முகம். இந்தக் கம்பெனியிலிருந்து அவளுக்கு வந்த மெயில்களின் அடியில் இருந்ததெல்லாம் இவர் பெயர்தான்.

"சார், நான் இங்க வேலை செய்யல" என்றாள் நீன்கே ஒரே மூச்சில். "ஒரு வருஷமா கோப்புலதான் இருக்கேன். அத நீட்டிக்கக் கையெழுத்துப் போட வந்தேன். கேக்கப் பாத்து உள்ள விட்டுட்டாங்க, மேஜை குடுத்துட்டாங்க, அட்டையும் மாட்டிட்டாங்க. எல்லாத்தையும் திருப்பித் தந்துடறேன். அஞ்சு மணிக்கு என் பேர மட்டும் அழிச்சிடாதீங்க."

கெர்பென் அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவாப் பேசும்மா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி, என் விண்ணப்பம் என்னாச்சுன்னு கேக்கத்தான் நானும் இந்த ரூமுக்குள்ள வந்தேன். நாற்காலி காலியா இருந்துச்சு, உக்காந்துட்டேன்."