சாமான் பரப்பில் பதினேழு பூதங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவை பொம்மைகள் அல்ல.

ஜப்பானில் ஓவியம் படித்தவர்கள் வடிவமைத்து, மெத்தென்ற பிளாஸ்டிக்கில் வார்த்து, கையால் சாயம் பூசுவார்கள். ஐம்பதோ நூறோதான் செய்வார்கள். மூன்று கண் பூதம், வாலில் வாய் வைத்த பூதம், முதுகில் புகைபோக்கி முளைத்த பூதம். தற்காலக் கலை ஐயா, கலை. கிள்ளானில் நான் ஸ்டோர் கீப்பராக இருக்கும் ஜப்பான் ஃபேக்டரியின் மேனேஜர் ஜப்பான்காரர்; ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்காக வாங்கி வருவார். மூன்று வருடத்தில் பதினேழு சேர்த்தேன். ஒன்றின் பையைக்கூடப் பிரித்ததில்லை. பிரித்தால் மதிப்புப் போச்சு.

என் மனைவி விசாலம் இதை எப்படிச் சொல்வாள் தெரியுமா? "எங்க வீட்டுப் பெரியகருப்பனுக்கு அம்பத்திரண்டு வயசாச்சு, இன்னும் பொம்மை வாங்குறாரு லா." பிரிக்ஃபீல்ட்ஸ் பாசார் முழுக்கச் சொல்லிவிட்டாள். காய்கறிக்காரர்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். கோபம் வராதா?

எங்கள் இரண்டு மகள்களில் மூத்தவள் இந்திராவின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தபோது, பொறுத்தது போதும் என்று முடிவு செய்தேன்.

"விசாலம், இந்த அலமாரில என்ன இருக்கு?"

"எவர்சில்வர் தூக்கு. எனாமல் வாளி."

"எத்தனை வருஷமா?"

"இந்திரா பொறந்ததுலேர்ந்து."

"ஒரு நாளாவது அதுல சோறு வச்சியா?"

"பிளாஸ்டிக்கக்கூடப் பிரிக்கல. புதுசாவே இருக்கணும்ல."

"அதையேதானே நானும் செய்றேன்? உன் சாமானுக்கும் என் சாமானுக்கும் என்ன வித்தியாசம்?"

விசாலம் தூக்குகளைப் பார்த்தாள். என் பூதங்களைப் பார்த்தாள்.

"ஒரு வித்தியாசமும் இல்லங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

இருபத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் ஒத்துக்கொண்ட முதல் விஷயம். அன்று ஒரு தட்டு சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன். முட்டாள்.

எங்கள் நகரத்தார் கல்யாணத்தில் சாமான் பரப்புவது வழக்கம். மகள் பிறந்ததிலிருந்து அவளுக்கென்று பிரிக்காமல் சேர்த்ததையெல்லாம் மண்டபத்தில் பரப்பி வைப்போம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பார்கள். கல்யாணத்தன்று நானும் பெருமையாகப் பார்க்கப் போனேன். குத்துவிளக்கு, அண்டா, தூக்கு, அதற்கு அடுத்த வரிசையில் என் பதினேழு பூதங்கள்.

மாப்பிள்ளையின் தாயார் அழகம்மை ஆச்சி, செந்தூல்காரர், அங்கேயே நின்றுவிட்டார்.

"அண்ணே, எல்லா வீட்லயும் அதே எவர்சில்வர்தான். ஜப்பான் சாமான் இப்பதான் பாக்குறேன். மகளுக்குன்னு பாத்துப் பாத்து சேத்தீங்களாமே, விசாலம் சொன்னாங்க."

விசாலத்தைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"இது அநியாயம் லா. அது என் கலெக்‌ஷன்."

"ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க. நம்ம வீட்ல பிரிக்காம வச்சது யாருக்கு? பொண்ணுக்குத்தானே?"

"இப்பவே எடுத்துருவேன்."

"எடுங்க. ஆனா ஆச்சி கேட்டா, சபையில நீங்களே சொல்லுங்க. இது மகளுக்கில்ல, நான் வெளையாட வச்சிருக்கேன்னு."

சபையில் இருநூறு பேர். முன் வரிசையில் என் மேனேஜர். மூன்று வருடமாக அது விளையாட்டுச் சாமான் இல்லை என்று தொண்டை கிழிய வாதாடியவன் நான். அந்த வார்த்தையை என் வாயாலேயே சொல்வதா? பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தேன்.

சாயங்காலம் பதினேழும் செந்தூல் லோரியில் ஏறின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து நாலு பேர் வந்து தோளில் தட்டித் தேற்றினார்கள்.

ஒரு வாரம் விசாலத்தோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவளே காப்பியோடு வந்து உட்கார்ந்தாள்.

"மேனேஜர்கிட்ட சொல்லி, அதே மாதிரி பதினேழு வாங்கிருங்க."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "நெசமாவா சொல்ற?"

"பின்ன? அக்காவுக்கு வச்சத தங்கச்சிக்கும் வைக்கணும்ல."