வளைந்த வேட்டியும் விழுந்த தேங்காயும்

எங்கள் பக்கத்தில் ஓர் உறவு முறிந்துபோகச் சொத்துத் தகராறெல்லாம் வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து "வாங்க" என்று சொல்லாமல் விட்டால் போதும். கூச்சத்தால் அப்படி விட்டவள் நான். கல்யாணமான புதிதில், உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த பெரிய நாத்தனாரைக் கண்டதும் வாய் வராமல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் என்னோடு பேச, எனக்கு ஒரு மகன் பிறக்க வேண்டியிருந்தது. அன்று முதல் யார் முகம் தெரிந்தாலும், வாய் திறக்கும் முன்பே என் கைகள் இரண்டும் தாமாகக் கூடிவிடும். (கேஸ் சிலிண்டர் போட வந்தவர் முதல் தடவை பயந்தே போய்விட்டார்.)

இந்தக் கைகள்தான் என் மருமகளின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தன.

மருமகள் கவிதா இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். நான் ஐந்தாவது. கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மகனுக்கும் அவளுடைய ஆராய்ச்சி புரியாது. புரியாமல் தலையாட்டுவதில் எனக்கும் அவனுக்கும் போட்டி. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அது என்னவென்று நானே கேட்டுவிட்டேன்.

"கனமான பொருள் இருக்கற எடத்துல வெளியும் காலமும் வளைஞ்சுக்குது, அதனாலதான் எல்லாம் அதுகிட்டப் போகுதுன்னு சொல்லுவாங்க அத்தை. வளையுதுன்னு சொல்லாமயே அதே கணக்கைப் போடலாமுங்க. முறுக்கிக்குதுன்னு வெச்சாலும் அதே விடைதான் வருது."

"ஈரத்துணியப் புழியற மாதிரியா கண்ணு?"

"கிட்டத்தட்ட" என்றாள், என் மேல் உள்ள பிரியத்தில்.

அதற்குள் சில கல்லூரிகள் அவளுக்குக் கை விரித்திருந்தன. அடுத்த கல்லூரி வீடியோவில் நேர்காணல் வைத்தது. பாடம் நடத்திக் காட்ட வேண்டும். "இதுவும் போச்சுன்னா பட்டறையில பில்லுப் போட உக்காந்துக்கறேனுங்க அத்தை" என்றாள் முந்தின நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இரவு சாப்பிடவில்லை.

பாடத்துக்கு என் வீட்டுக்காரரின் புது வேட்டி எடுக்கப்பட்டது. ஒரு பக்கத்து முனைகளை ஜன்னல் கம்பியில் கட்டியாயிற்று. மறுபக்கத்தை ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு தேங்காய். அது அமுக்கிய பள்ளத்தை நோக்கி, ஓரத்தில் விடுகிற எலுமிச்சம்பழம் உருண்டு போகும். பிடிப்பதாகச் சொன்ன மகன் பட்டறையில் மாட்டிக்கொண்டான்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க அத்தை. கை மட்டும்தான் தெரியும். உடாமப் புடிச்சுக்கங்க, அது போதும்."

பிடித்தேன். ஸ்டூல் மேல் நிறுத்திய போனில் மூன்று முகங்கள். எலுமிச்சம்பழம் சமர்த்தாக உருண்டது. பிறகு கவிதா, வளைவே இல்லாமலும் இதைச் சொல்லலாம் என்று ஆரம்பித்தாள். நடுவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வளைவே இல்லீனா அப்பறம் எப்படீங்க எல்லாம் கீழ உழுகும்?"

அவள் பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவர் பார்வை என் பக்கம் வந்துவிட்டது.

"துணியப் புடிச்சிருக்கறது யாருங்க?"

"எங்க அத்தைங்க சார்."

"அம்மா, வணக்கமுங்க."

அவ்வளவுதான். கைகள் கூடிவிட்டன. வேட்டி சரிந்தது. தேங்காய் தரையில் மோதி, உருண்டு, ஸ்டூலை இடித்தது. போன் மல்லாக்க விழுந்து காற்றாடியைப் பார்த்தது. பதறிப்போய் நான் குனிந்து பார்த்தேன். திரை முழுக்க என் மூக்குத்தி.

"வாங்க, சாப்ட்டீங்களா?" என்றேன்.

எனக்கு அங்கேயே தேங்காயோடு தேங்காயாக உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. கவிதா போனை எடுத்தாள். நிமிர்த்தி, வேட்டி கிடந்த இடத்தைக் காட்டினாள்.

"பாத்தீங்களா சார், வேட்டி போயிருச்சு. தேங்காய் உழுகறது நிக்கலீங்க. வளைவுங்கறது நாம புரிஞ்சுக்கறதுக்குக் கட்டின வேட்டி. வேற மாதிரியும் கட்டலாமுங்க."

ஓரத்தில் இருந்த அம்மையார் கேட்டார். "இது திட்டம் போட்டுச் செஞ்சதுங்களா?"

"இல்லீங்க மேடம். எங்க அத்தை கும்பிட்டாங்க."

முதலில் பெரியவர்தான் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "சாப்ட்டாச்சுங்க அம்மா" என்றார்.

வேலைக் கடிதம் வரும்வரை நான் கவிதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வந்த அன்று அதே தேங்காயை உடைத்துப் பாயசம் வைத்தாள். வேட்டியில் விழுந்த கிழிசலுக்கு மட்டும் என் வீட்டுக்காரர் இன்னும் சமாதானமாகவில்லை.

இப்போது அடுக்களையில் ஒரு கரண்டி விழுந்தாலும் போதும், மகன் முன்னறையிலிருந்து குரல் கொடுப்பான். "ஏனுங்கம்மா, யாரு வந்திருக்காங்க?"

கவிதா ஒவ்வொரு வருஷமும் வகுப்பு ஜன்னலில் வேட்டி கட்டி, தேங்காய் வைத்து, கையை விடுகிறாளாம். அது விழுந்ததும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "வாங்க" என்று சொல்ல வேண்டுமாம். ஒரு நாளாவது வந்து பாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் போகவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகள். அத்தனை முகத்துக்கும் கும்பிடு போட எனக்கு ரெண்டு கைதானே இருக்கிறது.