சேவலைக் காணோம், வார்த்தை கிடைத்தது

சூசையப்பனுக்குக் கோபம் வந்தால் கூடவே இங்கிலீஷும் வரும். அதுவும் லேசுப்பட்ட இங்கிலீஷ் இல்லை.

தேயிலை பாக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் முப்பத்தோரு வருசம் மேஸ்திரியாக நின்ற மனுஷன். ரிட்டையரான பிறகு கையில் மிஞ்சிய மரியாதை ஒன்றே ஒன்றுதான். போடிமெட்டுக்குக் கேரளப் பக்கம் இருக்கும் அந்த எஸ்டேட்டில், வரிசை வீடுகளாக நிற்கும் ஆறு லயத்துக்கும் சேர்த்து, ஆபீசுக்கு இங்கிலீஷில் பராதி என்கிற புகார் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எஸ்டேட் கொடுத்த வீடுகூட இப்போது அவர் பெயரில் இல்லை. இன்னும் கொழுந்து கிள்ளப் போகிற மனைவி செபமாலையம்மாள் பெயரில் இருக்கிறது. ஆகையால் அந்த ஒற்றை மரியாதையைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை, போடியில் அக்கா மகன் வீட்டுப் பால்காய்ப்புக்கு இரண்டு நாள் தங்கிவிட்டு வந்து இறங்கினார். கூட்டைப் பார்த்தார். சேவலைக் காணோம்.

சாதாரணச் சேவலா அது? விடிய நாலு மணிக்கு அது ஒரு கூவல் போட்டால் ஆறு லயமும் எழுந்து உட்கார்ந்து அதன் சொந்தக்காரரைத் திட்டும். அப்படிப்பட்ட சேவல். தேடிப் போனார். பக்கத்து வீட்டுச் சாக்கடை ஓடையில் செக்கச்செவேலென்று மூணு இறகு. அந்த வீட்டு வேலுத்தாய் அடுப்பிலிருந்து மிளகு தூக்கலாகப் போட்ட கோழிக்குழம்பு வாசம். சூசையப்பனுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

"ஏட்டி செபமால! அவதான். அந்த வேலுத்தாய்தான் எடுத்திருக்கா!"

"ஏங்க, சேவல் எங்க போச்சுன்னா..."

"நீ பேசாத! விசாரணை நடக்கும்போது குறுக்க பேசக் கூடாது."

"அவ எடுக்கலங்க. நான் சொல்றதக் கொஞ்சம்..."

"நீ என்ன அவளுக்கு வக்கீலா? எறகு இருக்கு, வாசம் இருக்கு. இன்னும் என்ன வேணும், சேவலே வந்து சாட்சி சொல்லணுமா?"

மூணாவது தடவையும் வாயைத் திறந்தாள். மூணாவது தடவையும் அடைத்தார். செபமாலையம்மாள் இடுப்பில் கையை ஊன்றி அவரையே பார்த்தாள். வேலுத்தாய் இருபது வருசமாக அவளோடு ஒரே வரிசையில் கொழுந்து கிள்ளுகிறவள். செபமாலையம்மாள் பிரசவத்தில் கிடந்தபோது இந்த வீட்டு அடுப்பையும் எரித்தவள். திருட்டு என்று ஆபீசுக்கு ஒரு காகிதம் போனால் அவள் வேலைக்கே உலை.

"சரி. இனி நீங்களாக் கேக்குற வரைக்கும் சேவலப் பத்தி நான் வாயத் தொறந்தா என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். வெங்காயத்தின் மேல் கத்தி விழுந்த சத்தமே சரியில்லை. அதைக் கவனிக்கிற நிலையிலா அவர் இருந்தார்?

டிக்சனரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 'அக்யூஸ்' என்று எழுத மனம் ஒப்பவில்லை. அதை எவனும் எழுதுவான், பஸ் கண்டக்டரும் சொல்லுவான். பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசியில் பிடித்தார்: இன்கல்பேட்.

"கேட்டுக்க. அக்யூஸ்னா சும்மா வாயால குத்தம் சொல்றது. இன்கல்பேட்னா அந்தக் குத்தத்தை ஆள் மேலயே வச்சு இறுக்கிக் கட்டுறது. மனுஷனும் இன்கல்பேட் பண்ணுவான், சாட்சியும் பண்ணும். எறகு அவள இன்கல்பேட் பண்ணுது. நானும் பண்றேன். இனி அவ எங்க ஓடுவா?"

"அப்படிக் கட்டிட்டா அவுக்கவே முடியாதாக்கும்?"

"ஏன் முடியாது? அதுக்கு எக்ஸ்கல்பேட்டுன்னு தனி வார்த்தை இருக்கு. ஆனா அதப் போட்டு எழுதத் தெரிஞ்ச ஆளு இந்த மலையில யாரு?"

"யாரு?"

"நான்தான்!"

"அது போதும்" என்றாள் செபமாலையம்மாள்.

செவ்வாய்க்கிழமை பராதி ஆபீசுக்குப் போய்விட்டது. புதன்கிழமையே அதன் நகல் வேலுத்தாய் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதுதான் எஸ்டேட் வழக்கம்.

புதன் சாயங்காலம் செபமாலையம்மாள் கேட்காமலே பால் ஊற்றாத கட்டஞ்சாயா போட்டு நீட்டினாள். அப்போதாவது அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஏங்க, பாவம் ஒரு பொம்பள. ஏதோ சாமானக் காணோம்னு எவனோ ஒருத்தன் அவ மேல பராதி எழுதிட்டானாம். அதுலயும் இந்த இன்கல்பேட்டப் போட்டிருக்கானாம்."

சூசையப்பன் சாயாவைச் சிந்திவிட்டார். "என் வார்த்தையவா? எந்தப் பய? மேல் டிவிசன்காரனா? என் வார்த்தைய எடுத்து எழுதுற அளவுக்கு எவனுக்குடி துணிச்சல்?"

"பேரு வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்னு அழுறா. பேரு எழுதுற எடத்த விட்டுருங்க, அவளே எழுதிக்கிருவா. சாமான வெறும் சாமான்னே போடுங்க."

"பேரு எதுக்கு? பேரே இல்லாம அவன உரிச்சுத் தொங்கப் போடுறேன் பாரு!"

எழுதினார். பேனா பேப்பரைக் கிழித்தது. இந்தப் பெண்ணை இன்கல்பேட் செய்தவன் சாமான் காணாமல் போகும்போது கண்ணால் பார்த்தானா? வாசத்தையும் குப்பையையும் வைத்து ஒருத்தியைக் கட்டிப் போட முடியுமா? முதலில் தன் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டானா? கேட்காதவன் மடையன். இந்தப் பெண்ணை முழுவதுமாக எக்ஸ்கல்பேட் செய்ய வேண்டும்.

"ஏட்டி, அவனுக்கு ஒரு தண்டனை சொல்லு. கடைசியில போட்டாத்தான் நறுக்குன்னு இருக்கும்."

"ஒரு மாசம் அவ வீட்டுக்குக் காலையில தண்ணி பிடிச்சு ஊத்தட்டும்."

சூசையப்பன் இருமல் வருகிறவரை சிரித்தார். "போட்டுட்டேன்! குடத்தத் தூக்கிட்டுப் போகட்டும் மடப்பய!" வழக்கம்போலக் கீழே பொடி எழுத்தில் எழுதினார்: தயாரித்தது, சூசையப்பன்.

வெள்ளிக்கிழமை காலை, பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் பெண்கள் செடி ஈரம் படாமலிருக்க இடுப்பில் படுதா கட்டி நின்றார்கள். சூசையப்பன் வெள்ளைச் சட்டையில் முன்வரிசைக்கே வந்துவிட்டார். வெல்பேர் ஆபீசர் ஜிதின் சின்னப் பையன், மலையாளி. முதலில் பராதியைப் படித்தான். ஒரு வார்த்தையில் நின்று, போனில் தேடி, அர்த்தம் பார்த்துவிட்டு மேலே படித்தான். சூசையப்பன் மீசையைத் தடவினார். வேலுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"இனி வேலுத்தாயிடெ மறுபடி" என்று ஜிதின் அவளுடைய பதில் காகிதத்தைப் பிரித்தான்.

முதல் இரண்டு வரியில் சூசையப்பனுக்கே பொறாமை வந்தது. எவனோ கைகாரன் எழுதியிருக்கிறான் என்று நினைத்தார். மூன்றாவது வரி எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. வாசம், குப்பை, மடையன்... அவர் சட்டென்று திரும்பினார். செபமாலையம்மாள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேட்டா, ரெண்டு பேப்பர்லயும் ஒரே வார்த்தை, ஒரே கையெழுத்து. இங்க தாழெ உங்க பேரும் உண்டு. இந்தப் பேப்பர் உங்களையல்லே இன்கல்பேட் செய்யுது?"

"ஆனா என் சேவல் எங்க? அதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க!" என்று கத்தினார்.

வேலுத்தாய் முந்தானையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து ஜிதினிடம் கொடுத்தாள். அவன் சத்தமாகப் படித்தான். அந்தோணியார் திருநாள். நேர்ச்சைப் பொருள் ஏலம். சேவல் ஒன்று. ஏலம் எடுத்தவர் வேலுத்தாய். காணிக்கை கொடுத்தவர் சூசையப்பன்.

"நானா கொடுத்தேன்?"

"மார்ச் மாசம் சிறுநீரகக் கல்லுல தரையில உருண்டப்ப, 'அந்தோணியாரே, கல்ல எறக்கும், என் சேவலத் தர்றேன்'னு கத்துனது யாரு?" செபமாலையம்மாள் இப்போதுதான் வாயைத் திறந்தாள். "கல்லு எறங்கிருச்சு. 'அந்தோணியார் என்ன அவசரமா கேட்டாரு'ன்னு மூணு மாசம் இழுத்தது யாரு? ஞாயித்துக்கிழமை கோயில்ல கொண்டு போய்க் கட்டுனேன். உங்க பேரத்தான் மைக்குல சொன்னாங்க. இத மூணு தடவ சொல்ல வந்தேன், சொல்ல விட்டீங்களா?"

"நாலு மணி தூக்கம் கெட்ட கடுப்புலதாண்ணே விடாம ஏலம் கேட்டேன்" என்றாள் வேலுத்தாய். "அக்காவுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு குடுத்தேன்."

பெரட்டுக் களமே சிரித்தது. சூசையப்பன் முன்வரிசையிலிருந்து நழுவப் பார்த்தார். ஜிதின் மட்டும் சிரிக்காமல் கடைசி வரியை இன்னொரு தடவை படித்துக் காட்டினான். ஒரு மாசம், காலையில், தண்ணீர்.

சனிக்கிழமை விடியற்காலம் அவர் குழாயடியில் நின்றார். குளிர் எலும்பில் ஏறியது, கோபம் தலையில் ஏறியது. வேலுத்தாய் குடம் ஒன்று. அதோடு, காகிதத்தில் எழுதாத செபமாலையம்மாள் குடம் இரண்டு. மூணாம் லயத்துச் சங்கையா துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தான்.

"அண்ணே, என் மச்சான் மேல ஒரு பராதி எழுதணும். அந்தப் பெரிய வார்த்தையப் போட்டு."

"போடா! அந்த வார்த்தை வேணும்னா என் வீட்டுக்காரியப் போய்க் கேளு!"

"அவங்களக் கேட்டுட்டுத்தாண்ணே வர்றேன். 'மூணு குடமும் ரொம்பட்டும், எழுதச் சொல்றேன்'னாங்க."